நாலு விரல் ஈரம்

நேற்று உங்கள் மகன் அந்த ஒரு ரூபாய் நாணயத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார், சம்பந்தி. பீரோவில் உங்கள் மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் இருந்ததாம். "அம்மா இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லியிருந்தாங்க அத்தே, நான்தான் மறந்துட்டேன்" என்றார். மாப்பிள்ளை எதையும் மறக்கிறவர் இல்லை. கொடுப்பதற்கு அவருக்குப் பத்து மாதம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய கனத்த நாணயம். ஒரு பக்கத்து விளிம்பு மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. நீங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிப்பீர்களே, அந்த இடத்தில் எழுத்தே அழிந்துபோயிருக்கிறது. மாப்பிள்ளை போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, உடைந்துபோன உங்கள் பாதப் பிளேட்டின் பாதியை மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளங்கை அகலம், கறுப்பு, வில் மாதிரி ஒரு வளைவு. செயற்கைக் காலின் பாதத்துக்குள் இருந்து ஆளைத் தாங்குகிற சாமான். நீங்கள் செய்வது மாதிரியே நாணயத்தால் தட்டினேன். நுனியில் டிங் என்றது. கொஞ்சம் உள்ளே வந்து தட்டினேன். டிங். நடுவில் தட்டினேன். டொக்.

அந்த டொக் சத்தம் எனக்குப் புதிது இல்லை. அதை உங்களுக்கும் முன்னால் கேட்டவள் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மூன்றாவது வரைக்கும் படித்தவள் எழுதுவது, எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஞாபகம் கோணலாக இருக்காது. அது உங்களுக்கே தெரியும்.

முதலில் கல்யாணப் புடவையிலிருந்து ஆரம்பிக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது, அதனால் என்ன? என் மகளுக்கு முகூர்த்தப் புடவையை நானே தறியில் உட்கார்ந்து நெய்தேன். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. தட்டில் வைத்துக் கொண்டுவந்தபோது, நீங்கள் மாப்பிள்ளையின் அம்மா என்ற தோரணையில் வந்து, கரையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினீர்கள். மண்டபத்தில் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். "ஓரத்துல ஒரு இழை விட்டுப்போச்சே சம்மந்தி. பரவால்ல, யாருக்குத் தெரியப் போவுது?" என்றீர்கள். யாருக்குத் தெரியப் போகிறது என்று சொல்லியே எல்லாருக்கும் தெரியவைத்தீர்கள்.

இழை விட்டுப்போனது உண்மை. காய்ச்சலோடு நெய்த நாளில் போனது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும். ஆறு கஜத் துணியில் நேராக அந்த இடத்தில் உங்கள் விரல் போய் நின்றதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பொய்யாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு மறந்திருப்பேன்.

அதற்கு அப்புறம் பண்டிகைக்குப் பண்டிகை பார்த்துக்கொண்டோம், பலகாரம் கொடுத்துக்கொண்டோம். நம் பேத்தி ஜோதி பிறந்தபோது ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தொட்டில் கட்டினோம். ஆனால் அந்தக் கரையை நான் மடித்து உள்ளே வைத்திருந்தேன்.

முட்டி போனதும் தறிக்குழியில் கால் விட முடியாமல் போனது எனக்கு. அப்போதுதான் அரிசி ஆலைகளைத் தாண்டி அந்த ஷெட் வந்தது. சென்னையில் படித்துவிட்டு வந்த பையன் முதலாளி. கார்பன் நாரில் செயற்கைக் காலுக்குப் பிளேட் செய்கிறார் என்றார்கள். "பட்டு இழையத் தொட்ட கைதான் எனக்கு வேணும், மத்த கை இழைய வளைச்சிடுது" என்று தெருத் தெருவாக வந்து ஆள் கேட்டார். நான் போவதற்குள் நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். "அம்மா, அங்க எங்க மாமியார் கீறாங்க. பார்த்து நடந்துக்கோ" என்று மகள் சொல்லி அனுப்பினாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

முதல் நாள் அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. கறுப்புப் பட்டு என்றுதான் மனதுக்குள் பேர் வைத்தேன். தலைமுடியைவிடச் சன்னமான இழை, ஆயிரக்கணக்கில், அத்தனையும் ஒரே திசையில் படுத்திருக்கும். பசை ஊறிய துணி அது. வெளியில் வைத்தால் கெட்டுவிடும் என்று ஐஸ் பெட்டியில் சுருட்டி வைத்திருப்பார்கள். எடுத்த உடனே உறையைப் பிரிக்கக் கூடாது. குளிர் விட்டு, உறையின் மேல் பூத்த வேர்வை காய்ந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். அப்புறம் அளவாக வெட்டி, அச்சின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக நாற்பது மடிப்பு படியவைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையால் மூடி, பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி, ஓவனில் வேகவைத்தால் மறுநாள் இரும்பு மாதிரி வரும். இரும்பைவிடப் பலம், எடையோ ஒரு தேங்காய் மூடி அளவுதான்.

முதலாளி சொன்ன கட்டளை இரண்டுதான். கையுறை கழற்றக் கூடாது. தண்ணீர் கிட்டவே வரக் கூடாது.

என் மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. குடிக்க.

சம்பந்தி, தறியில் காற்று வறண்டு அடித்தால் நாம் என்ன செய்வோம்? பாவு இழை அறாமல் இருக்க விரலை நனைத்து ஓரத்தில் ஒற்றுவோம். நாற்பது வருஷம் ஒற்றிய விரல் அது. துணி விறைத்துக்கொண்டு மூலை தூக்கினால் நான் யோசிக்கவே மாட்டேன். கையுறையை உருவிவிட்டு நாலு விரலையும் டம்ளரில் தொட்டு, துணியின் மேல் ஒரு அழுத்து அழுத்துவேன். மூலை படிந்துவிடும். மேலே அடுத்த மடிப்பை வைத்துவிடுவேன். அதை ஒரு தப்பாகவே நினைக்கவில்லை. படியாததைப் படியவைத்தேன் என்றுதான் நினைத்தேன்.

உங்கள் வேலை தட்டிப் பார்ப்பது. வெந்து வந்த பிளேட்டை மடியில் போட்டு, இந்த நாணயத்தால் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் தட்டிக்கொண்டே போவீர்கள். சரியாக இருந்தால் வெள்ளைப் புள்ளி வைப்பீர்கள். முதல் வாரத்திலேயே என் பிளேட்டை ஒதுக்கி வைத்தீர்கள்.

"இது ஆகாது."

"இன்னா கொறை?"

"கொறை காதுல கீது. நான் இன்னா பண்றது?"

"கண்ணுல காட்டுங்க."

"கண்ணுக்குத் தெரிஞ்சா மொதலாளியே பார்த்துக்குவாரு. என்னை எதுக்கு வெச்சிருக்காரு?"

ஷெட்டில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மண்டபம் ஞாபகம் வந்தது. மறுநாளும் ஒதுக்கினீர்கள். அதற்கு மறுநாளும். அன்றைக்கு என் மேசைப் பக்கம் வந்து டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "குடிக்கவா?" என்றீர்கள். "குடிக்கத்தான்" என்று சொல்லி உங்கள் எதிரிலேயே குடித்தேன். போகும்போது காதோரம் குனிந்து, "தறியில பண்றத இங்க பண்ணாதீங்க சம்மந்தி. அது வேற, இது வேற" என்றீர்கள். யாருக்கும் கேட்காமல்தான் சொன்னீர்கள். இப்போது புரிகிறது. அப்போது, தறி நெய்தவளுக்கே தறியைப் பற்றிப் பாடம் சொல்கிறாள் பார் என்றுதான் பட்டது.

அப்புறம் ஐப்பசி மழை. உங்கள் காலில் சர்க்கரைப் புண். கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு நாள் வர முடியாது என்று சொல்லி அனுப்பினீர்கள். அந்த இரண்டு நாள்தான், சம்பந்தி.

வந்தவாசியில் கால் பொருத்தும் முகாம். முதலாளி காலையிலேயே வந்து, "ஆயா, நாளைக்கு வண்டி வருது. ஜல்தியா ஆறு பிளேட் போடுங்க" என்று சொல்லிவிட்டு வேலூருக்குப் போய்விட்டார். உறையின் வேர்வை காயும் வரை காத்திருந்தால் பகல் போய்விடும். மழைநாளில் அது எங்கே காய்கிறது? குளிரோடு பிரித்தேன். துணி பசைப்பிடிப்பே இல்லாமல் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. மூலைக்கு மூலை தூக்கியது. நீங்களும் இல்லை. டம்ளர் இருந்தது. எத்தனை தடவை நனைத்தேன் என்று எண்ணவில்லை. மற்றதெல்லாம் எண்ணுகிறவள் அதை மட்டும் எண்ணவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குக் கரண்ட் போனது. பம்ப் நின்று, ஜெனரேட்டரைக் கிளப்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கரண்டை ரொம்ப நாள் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆறு பிளேட்டும் வெளியே வந்தன. மினுமினுவென்று, முகம் பார்க்கலாம். "சம்மந்தியம்மா வரல, நீங்களே தட்டிப் பார்த்துடுங்க ஆயா" என்றார் முதலாளி. என் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டினேன். ஓரமெல்லாம் டிங். நடுவில் டொக். அடுத்ததிலும் டொக். ஆறிலும்.

காதில் விழவில்லை என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கலாம். உங்களிடம் சொல்ல முடியாது. விழுந்தது. நீங்கள் இல்லாமலும் இந்த ஷெட்டில் வேலை நடக்கும், நான் போட்ட ஆறும் தேறும் என்று காட்ட வேண்டும். அது மட்டும்தான் மனதில் இருந்தது. கரண்ட் போனதில் கொஞ்சம் மந்தமாகக் கேட்கிறது, பரவாயில்லை, யாருக்குத் தெரியப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் சொன்ன அதே வார்த்தை. ஆறிலும் வெள்ளைப் புள்ளி வைத்தேன்.

பிளேட்டின் ஓரத்தில் நம்பர் கீறுவார்களே, அது அறுபத்தொன்று முதல் அறுபத்தாறு வரை. முகாமில் ஒருவர் குறைந்துவிட்டார், அட்டைப் பெட்டியில் ஐந்துதான் வைத்தார்கள். முகாம்காரர் சீட்டைப் பார்த்து யார் யாருக்கு எது என்று பேர், ஊர், நம்பர் எல்லாம் சத்தமாகப் படித்தார். நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அறுபத்தாறு மிஞ்சியது. அதை அலமாரியில் வைத்தார்கள்.

உங்கள் புண் கறுத்தது. முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை இட்லி கொண்டுவந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மூன்றாவது தடவை, "இன்னா சம்மந்தி, கால் போனதுக்கு வர்றீங்களா, காது இருக்குதான்னு பாக்க வர்றீங்களா?" என்று கேட்டீர்கள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்துச் சிரித்துத் தையல் வலிக்கிறது என்றாள்.

காயம் ஆறியதும் முதலாளி, "நம்ம ஷெட்டு காலு, நானே போட்டு உடறேன்" என்றார். ஷெட்டிலேயே வைத்துப் பொருத்தினார்கள். அலமாரியிலிருந்து எடுத்து வந்தது எது என்று எனக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. நீங்கள், "இருப்பா, கட்றதுக்கு முன்னாடி குடு" என்று வாங்கி, இந்த நாணயத்தை எடுத்தீர்கள். டிங். டிங். டொக். அதே இடத்தில் மூன்று தடவை தட்டினீர்கள். நம்பரைப் பார்த்தீர்கள். என் வெள்ளைப் புள்ளியைப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதலாளி வேறு எடுத்துக் கொடுத்திருப்பார். "கட்டுப்பா" என்றீர்கள்.

உங்கள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

கோடை வந்தபோது சத்தம் ஆரம்பித்தது. எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் டக். மகள் வீட்டுக்கு நான் போனால், எழுந்து அடுப்படிக்கும் வாசலுக்குமாக வேண்டுமென்றே நடப்பீர்கள். டக், டக். ஒரு நாள் பகலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"கேக்குதா சம்மந்தி?"

"இன்னா கேக்குது?"

"என் காலு பேசறது."

"புதுக் காலுன்னா அப்பிடித்தான். புதுச் செருப்பு கூடத்தான் கத்தும்."

"மீதி அஞ்சும் இப்பிடித்தான் கத்திகினு கீதா?"

நான் பூண்டை உரித்துக்கொண்டிருந்தேன்.

"யார் யார் கால்ல கீதோ தெரியல. நீங்க மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க. நான் போய்ச் சொன்னா, சம்மந்திச் சண்டையக் கொண்டாந்து ஷெட்டுல வெக்கறாங்கன்னு பேசுவாங்க."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லியே. அன்னிக்குக் கரண்ட் போச்சு."

"அப்போ நான் இதைக் கழட்ட மாட்டேன். நீங்க சொல்ற வரைக்கும் உங்க காதுல உழுந்துகினே இருக்கட்டும்."

"ஒடைஞ்சிட்டா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று தெரிந்தது. நீங்கள் சிரித்தீர்கள். "பார்த்தீங்களா, ஒடையும்னு உங்களுக்கே தெரிஞ்சு கீது" என்றீர்கள். அப்புறம், "பயப்படாதீங்க. ஒடையறதுக்கு முன்னாடி எனக்குக் கேக்கும். என் காதுக்குத் தெரியாம அது எப்பிடி ஒடையும்?" என்றீர்கள்.

அந்தக் கர்வம் உங்களுடையது. அதில் எனக்குப் பங்கு இல்லை.

ஆடி பிறந்த பிறகு டக் சத்தம் நின்றுபோனது. அதற்குப் பதில் வேறு ஒரு சத்தம். கடையில் புடவையை மடிப்பு மேல் மடிப்பாக மடிக்கும்போது பட்டும் பட்டும் உரசுமே, சர், சர் என்று மெத்தென்று, அந்தச் சத்தம். "கேட்டீங்களா, இப்போ சமாதானம் ஆயிடுச்சு. பட்டு மாதிரி நடக்குது" என்று காலைத் தட்டிக் காட்டினீர்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. நாம் இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. அதில் கெடுதல் இருக்கும் என்று நம் காதுக்கு எப்படித் தோன்றும்?

நாலாவது நாள், கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பினோம். காலை பதினொரு மணி. நீங்கள் முன்னால் இறங்கினீர்கள், உங்கள் பை என் கையில். கடைசிப் படியிலிருந்து அந்தக் காலை ரோட்டில் ஊன்றினீர்கள். சுள்ளி முறிகிற மாதிரி ஒரே ஒரு சத்தம். உங்களுக்கு அது முன்னாடியே கேட்கவில்லை, சம்பந்தி. எனக்கும்தான்.

இடுப்பு எலும்பு. அப்புறம் நெஞ்சில் சளி. இருபது நாள். கடைசியில் வாயில் குழாய் வைத்திருந்தார்கள், பேச முடியவில்லை. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தீர்கள். "மணியக் கேக்கறாங்க. அஞ்சு ஆகலம்மா, நாலரைதான் ஆவுது" என்றார் மாப்பிள்ளை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். விரித்த கையை நீங்கள் மடக்கவே இல்லை. நர்ஸ் வந்துதான் இறக்கி வைத்தாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை. கரண்ட்தான் காரணம் என்று பதினாறாம் நாள் கழிந்து, மாசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னை மடக்கினது ஜோதிதான். கல்லூரியில் இந்த மாதிரிச் சாமான்களைப் பற்றித்தானே படிக்கிறாள். உடைந்த பிளேட்டில் ஒரு பாதியைக் கொண்டுபோய், குறுக்கே அறுத்து, கண்ணாடி மாதிரித் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் படம் எடுத்து வந்தாள். போனில் காட்டினாள்.

"இது இன்னாடி, சேமியா உப்புமா மாதிரி கீது?"

"நார் ஆயா. அறுத்த வாய் வழியாப் பார்க்கறோம். இந்த வெள்ளைப் பொட்டு ஒவ்வொண்ணும் ஒரு நார். நடுவுல இருக்கறது பசை. எல்லாம் நல்லாத்தான் நெருக்கமா இருக்கு. இங்க பாருங்க."

மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவில் கறுப்பாக ஓட்டைகள். ஆப்பத்தின் நடுவில் இருக்குமே, அந்த மாதிரி. சிலது நீளமாக இழுத்துக்கொண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அதன் வழியாகத்தான் விரிசல் நடந்து போயிருக்கிறது, மடிப்பு மடிப்பாகப் பிரிந்து ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டிருந்திருக்கிறது என்றாள். சர், சர்.

"அன்னிக்குக் கரண்ட் போச்சுடி. காத்து உறியற பம்ப் நின்னுபோச்சு. அதான்."

"அப்பிடின்னா ஓட்டை எல்லா எடத்துலயும் சமமாப் பரவியிருக்கும் ஆயா. இது அப்பிடி இல்ல. ஈரம் உள்ள மாட்டிகினு, ஓவன் சூட்டுல ஆவியாகி, வெளிய போக வழி இல்லாம ஊதினது. அதுவும் பாருங்க, நாலு எடத்துல கூட்டமா இருக்கு. நடுவுல எல்லாம் சுத்தம். மேல் மடிப்புலயும் நாலு. கீழ் மடிப்புலயும் நாலு. யாரோ கைய வெச்ச மாதிரி."

போனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் திருப்பிக் கொண்டுவந்த பாதியை எடுத்து, அறுத்த விளிம்பின் மேல் என் நாலு விரலையும் வைத்தேன். பொருந்தியது.

அவள் படத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். கெட்டிக்காரி. உங்கள் கண் அவளுக்கு. "ஆயா?" என்றாள். அன்றைக்குத்தான் சொன்னேன். முதலில் அவளிடம், அப்புறம் என் மகளிடம், மாப்பிள்ளையிடம், மறுநாள் காலை ஷெட்டில் எல்லார் முன்னாலும் முதலாளியிடம். நீங்கள் கேட்ட அந்த ஒரு வார்த்தைதான். சொல்ல அரை நிமிஷம் கூட ஆகவில்லை.

மகள் அதற்கப்புறம் என் வீட்டு வாசல்படி ஏறவில்லை. மனதில் வைத்துக்கொள்வதை என்னிடமிருந்துதானே கற்றாள்.

முதலாளி முகம் செத்துப்போய் உட்கார்ந்தார். நம்பர் எழுதிய நோட்டு மழைத்தண்ணீரில் ஊறிப் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. முகாம் நடத்தியவர்களும் சீட்டை வைத்திருக்கவில்லை. "யார்கிட்ட போச்சுன்னு இனிமே எப்பிடி ஆயா கண்டுபிடிக்கிறது? உடைஞ்சிருந்தா இந்நேரம் சொல்லியிருப்பாங்க" என்றார்.

"நோட்டு எதுக்கு? நான் கீறேன்" என்றேன். கயிறு கட்டிக்கொண்டே கேட்ட ஐந்து பேரையும் ஊரோடு, நம்பரோடு ஒப்பித்தேன். முதலாளி ஐந்து புதுப் பிளேட் கொடுத்தார். ஐந்தையும் ஜோதி தட்டிப் பார்த்தாள், நானும் தட்டிப் பார்த்தேன். பிளேட் மாட்டுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம்.

வந்தவாசியில் பள்ளிக்கூடத்தில் சமைக்கிற அம்மா, அறுபத்தொன்று. அதே ஊரில் பூ விற்கிறவர், அறுபத்து மூன்று. கலசப்பாக்கத்தில் டீக்கடைக்காரர், அறுபத்து நாலு. "நல்லாத்தானே கீது, எதுக்கும்மா மாத்தணும்?" என்று பேஜார் பண்ணினார். தட்டிக் காட்டினேன். டொக்கைக் கேட்டதும் காலை நீட்டினார்.

தேசூரில் ஒரு தையல்காரர், அறுபத்தைந்து. பொய்க்காலால்தான் மிஷினை மிதிக்கிறார். நாள் முழுக்க மிதி மிதி என்று மிதிக்கிற கால். மிஷின் சத்தத்தில் வேறு எந்தச் சத்தம் கேட்கும்? "கொஞ்சம் நிறுத்திட்டு நாலு அடி நடங்க" என்றேன். நடந்தார்.

சர், சர்.

கழற்றிப் பார்த்தபோது ஓரம் பழைய புத்தகம் மாதிரிப் பிரிந்திருந்தது. நகத்தை நுழைத்தேன், போனது. அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு வாரமா நல்லா மெத்துன்னு இருந்துச்சும்மா" என்றார். பிடித்திருந்த பிளேட் நழுவி அவர் மிஷின் மேல் விழுந்தது.

ஆக நாலு விரலை மடக்கிவிட்டேன், சம்பந்தி. ஐந்தாவது மடங்கவில்லை.

அறுபத்திரண்டு. ஒரு பெண். பேர் தெரியும், ஊர் தெரியும். இரண்டு தடவை போனேன், வீடு பூட்டியிருக்கிறது. "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க. எந்தப் பக்கம்னு தெரியாது. மழை பிடிச்சா வருவாங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "கால்ல சத்தம் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டேன். "வந்துச்சு, டக்கு டக்குன்னு. நாங்க கூடக் கேலி பண்ணுவோம்" என்றாள். தலையில் எத்தனை செங்கல் வைத்துச் சுமப்பாளோ. கேட்கவில்லை. சூளைகள் இருக்கிற ஊராக ஜோதி போனில் தேடி எடுத்துத் தருகிறாள். ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன். புதுப் பிளேட் என் கைப்பையில் இருக்கிறது, துணியில் சுற்றி. நேற்றிலிருந்து உங்கள் நாணயமும் அதோடு இருக்கிறது.

மன்னிப்பு கேட்கத்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஐந்தாவது விரல் மடங்கட்டும், அப்புறம் பார்க்கலாம். கல்யாண மண்டபத்தையும் நான் மறக்கவில்லை, "கட்டுப்பா" என்று சொன்னதையும் மறக்கவில்லை. நீங்களும் என் வெள்ளைப் புள்ளியை மறக்க வேண்டாம்.

ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. இன்று காலை சூளைக்குப் போக ஆரணி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். முகூர்த்த நாள், வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டு எடுக்க வந்திருந்தார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்தார். ஒரு நிமிஷம் எல்லாம் அடங்கியது. முதுகுக்குப் பின்னால், ரொம்பக் கிட்டத்தில், சர், சர். சட்டென்று திரும்பினேன். கடை வாசலில் ஒருவர் புடவையை மடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பக்கத்துக் கடையிலும் மடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வரிசையிலும்.

இந்த ஊரில் அந்தச் சத்தம் இல்லாத தெரு எது, சம்பந்தி? ஒவ்வொன்றுக்கும் நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகத்தைப் பார்ப்பதில்லை. கால்களைத்தான் பார்க்கிறேன்.